விருந்தாளிக்கு அல்வா கொடுக்கலாமா?

திருநெல்வேலிக்கு வெளியூர்க்காரர் யார் வந்தாலும் இறங்கியதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அல்வா எந்தக் கடையில வாங்கலாம்?" நாமும் ஒரு கடையைக் கைகாட்டி விடுகிறோம். அவரும் அரைக் கிலோவோ ஒரு கிலோவோ கட்டிக்கொண்டு ரயிலேறி விடுகிறார். நம்முடைய விருந்தோம்பல் அதோடு முடிந்தது. அல்வா கொடுப்பது என்பதற்கு நம் தமிழில் இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. அதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போன புரட்டாசியில் என் பால்ய நண்பன் ஒருவனுக்கு, நல்லெண்ணத்தோடுதான், அந்த இரண்டாவது அர்த்தத்தில் நான் அல்வா கொடுத்துவிட்டேன். அதிலிருந்து எனக்கு ஒரு புத்தி வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அவனும் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் பிரான்சுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். நான் அரசாங்க உத்தியோகத்தில் குமாஸ்தாவானேன். பெண்ணெடுத்தது இந்தத் தாமிரபரணிக் கரையில். ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊர்ப்பக்கமே வந்து பாளையங்கோட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பேத்தியை அழைத்துக்கொண்டு இந்தியா வருவதாகவும், எங்கள் ஊரில் ஒரு நாள் இருப்பார்கள் என்றும், என்னென்ன சாப்பிட வேண்டும் என்று எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தான்.

35 வருஷம் கோப்பு எழுதிய கை சும்மா இருக்குமா? கோடு போட்டு நாலு பத்தியாகப் பட்டியல் தயார் பண்ணினேன். வரிசை எண், பண்டம், கிடைக்கும் இடம், குறிப்பு. அல்வா, சொதி, உளுந்தஞ்சோறு, கூட்டாஞ்சோறு, பதநீர், நுங்கு, பனங்கிழங்கு, ஓலைக் கொழுக்கட்டை, முந்திரிக்கொத்து, நோன்புக் கஞ்சி, குற்றாலத்து மங்குஸ்தான், கருப்பட்டிக் காப்பி. மொத்தம் 12. எனக்கே அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அவர்கள் மதுரையிலிருந்து கார் பிடித்து வந்து சேர்ந்தபோது காலை 11 மணி. ராத்திரி ரயிலுக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "தாத்தா, முதலில் பதநீர்" என்றாள். பதநீர் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடியோடு முடிந்துபோகும். நுங்கும் அப்படியே. பனங்கிழங்கா, அது தைப் பொங்கலுக்கு. ஓலைக் கொழுக்கட்டை திருக்கார்த்திகைக்கு. முந்திரிக்கொத்து தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் சுடுவது. நோன்புக் கஞ்சி ரமலானில், அதுவும் பொழுது சாயும்போது. குற்றாலத்தில் சாரல் முடிந்து, கூடைக்காரிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சொதி கல்யாண வீட்டில் கிடைக்கும். ஆனால் புரட்டாசியில் யார் வீட்டில் கல்யாணம்? ஓட்டலில் பார்த்துக்கொள்ளலாம் என்று அழைத்துப்போனால், "சொதி ஞாயித்துக்கிழமைதான் சார்" என்றார் பரிமாறுகிறவர். வீட்டில் என் மனைவி, "நேத்தே ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் வச்சிருப்பேம்லா?" என்று என்னை முறைத்தாள். வெளியே சாப்பிடப் போகிறோம் என்று அவளிடம் சொன்னதும் நான்தான்.

ஆக 12-ல் 2 தேறியது. சாயங்காலம் கருப்பட்டிக் காப்பி. அதன்பின் அல்வா.

காப்பி குடிக்கும்போதுதான் அந்தப் பெண் ஒரு விஷயம் சொன்னாள். பேச்சு பிரெஞ்சில்தான். 50 வருஷம் கழிந்தும் காது மறக்கவில்லை. முந்தின டிசம்பரில் அவள் இத்தாலிக்குத் தெற்கே உள்ள சிசிலித் தீவுக்குப் போயிருக்கிறாள். அங்கே டிசம்பர் 13 புனித லூசியாள் திருநாள். பலெர்மோ நகரத்தில் அன்றைக்கு ரொட்டியும் தொட மாட்டார்கள், மாவில் செய்கிற பாஸ்தாவும் தொட மாட்டார்கள். முழுக் கோதுமையை ஊறவைத்து அவித்து, இனிப்புச் சேர்த்த ஆட்டுப்பால் பாலாடையோடு கலந்து சாப்பிடுவார்கள். அதற்குக் 'கூச்சியா' என்று பெயர். ஒரு பஞ்சகாலத்தில் துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பல் வந்து சேர்ந்ததாம். பசியில் இருந்த ஜனம் அதை மாவாக்கும் வரைக்கும்கூடப் பொறுக்காமல் அப்படியே அவித்துத் தின்றது, அந்த நினைவுதான் இது என்பார்கள். அரிசியை உருட்டிப் பொரித்த உருண்டையும் அன்றைக்கு உண்டு. "நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள், 13-ஆம் தேதிக்கு முன்னாலேயே வந்துவிடு என்று எழுதியிருந்தாள் தாத்தா. உங்கள் பட்டியலில் தேதியே இல்லையே?"

சுளீரென்றிருந்தது. நாலு பத்தி போட்ட குமாஸ்தா ஐந்தாவது பத்தியை விட்டுவிட்டேன். 'எப்போது' என்ற பத்தி.

நான் சொல்ல வருவது இதுதான். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு விலாசத்தைவிட வேளை முக்கியம். எந்தக் கடை என்று சொல்லி அனுப்புகிற பழக்கத்தை விட்டுவிட்டு, எந்த மாதம், எந்த வேளை என்று சொல்லி அழைக்கப் பழக வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் வேளை உள்ள பண்டங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விடும். எப்போதும் கிடைப்பது மட்டும்தான் மிஞ்சும்.

பிரெஞ்சுக்காரர்களிடம் 'தெர்வார்' என்று ஒரு சொல் உண்டு. மண், தண்ணீர், வெயில், பக்குவம் எல்லாம் சேர்ந்து ஒரு பண்டத்துக்குக் கொடுக்கிற ருசி. நாம் 'தண்ணி ராசி' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். அந்த ஊர்ப் பெயரை வேறு யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அவர்கள் 1925-லேயே ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குச் சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தது 1999-ல். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லும், உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-லும் அந்தக் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் முத்திரை ஊரைத்தான் சொல்லும், பொழுதைச் சொல்லாது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இன்னொன்றும் சொல்லித் தந்தார். பிரெஞ்சு மாதப் பெயரில் 'ர்' ஒலி இருந்தால்தான் கடல் சிப்பி தின்னலாம், அதாவது செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மே முதல் ஆகஸ்ட் வரையுள்ள நாலு மாதத்துக்கும் அந்த எழுத்து கிடையாது. சின்னப் பிள்ளைக்கும் மறக்காத கணக்கு. நம்மிடமும் இதைவிட நல்ல கணக்கு இருக்கிறது. நம் மாதப் பெயர்களிலேயே சாப்பாடு இருக்கிறது. அதை வந்தவருக்குச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பதநீரை எடுத்துக்கொள்ளுங்கள். பனையேறுகிறவர் விடியுமுன்னே ஏறிப் பாளையின் நுனியைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிந்ததை இறக்குகிறார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது கள். சுண்ணாம்பு இருந்தாலும், வெயில் ஏற ஏற அந்தக் காலை நேரத்து ருசி மாறிக்கொண்டே போகும். ஏழு மணிக்கு ஓலைப் பட்டையில் ஊற்றி, இரண்டு நுங்கைக் கீறிப் போட்டுக் குடிக்கிறபோது ஓலை வாசனையும் சேர்ந்து தொண்டையில் இறங்குமே, அதைப் பதினோரு மணிக்கு யாராலும் தர முடியாது. குடிக்க ஆள் இல்லாமல் மிஞ்சியது விடிலிக்குப் போய்க் கொப்பரையில் காய்ந்து கருப்பட்டியாகும். உடன்குடி, திசையன்விளைப் பக்கம் அந்தப் பருவம் முழுக்கக் குடும்பத்தோடு விளையிலேயே விடிலி போட்டுத் தங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அவர்கள் பிள்ளைகள் ஏறுவதில்லை. ஏறச் சொல்ல எனக்கு மனமும் இல்லை. அது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. ஆனால் ஏறுகிற மிச்சப் பேரிடம் காலை ஏழு மணிக்கு நாலு பேர் போய் நின்று, பேரம் பேசாமல் கேட்ட காசைக் கொடுத்துக் குடித்தால், அவருக்கு அது ஒரு வருமானம், ஒரு மரியாதை. குப்பியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்ததை மத்தியானம் வாங்கிக் குடித்துவிட்டு, "பதநீர் இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குகிற வெளியூர்க்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையில் எழுப்பி அழைத்துப்போகாத குற்றம் நம்முடையது.

அடுத்தது சொதி. 1978-ல் எனக்குக் கல்யாணம். மறுவீட்டுப் பந்தியில் இலை போட்டு, சோற்றில் வெள்ளை வெளேரென்று எதையோ ஊற்றினார்கள். தேங்காயை மூன்று தரம் பாலெடுத்து, மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் வேகவைத்து, பாசிப்பருப்புச் சேர்த்து, பச்சைமிளகாயும் இஞ்சியும் காரத்துக்குப் போட்டு, கடைசியில் தலைப்பால் விட்டு, கொதிக்க விடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிவது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தம் பண்ணும் என்றுதான் பக்கத்திலேயே இஞ்சிப் பச்சடி வைக்கிறார்கள் என்பதும் தெரியாது. புதுச்சேரிக்காரன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "சாம்பார் வரலையே?" என்று கேட்டுவிட்டேன். பந்தியே சிரித்தது. என் மாமியார் கதவோரம் நின்றபடி, "சாம்பார் நாளைக்கும் இருக்கும் மாப்ளை, சொதி இன்னைக்குத்தான்" என்றார்கள். அன்றைக்கு அதைச் சமாதானம் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்துத்தான் அது ஒரு பாடம் என்று புரிகிறது.

இப்போது நான் போகிற கல்யாணங்களில் வரவேற்புக்குப் பனீர் வருகிறது, ஃப்ரைட் ரைஸ் வருகிறது, இரண்டுக்கும் நடுவில் சொதி ஒரு சின்னக் கிண்ணத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. சமையல் ஒப்பந்தக்காரரைக் கேட்டால், "யாரும் கேக்கதில்ல சார்" என்கிறார். அது உண்மைதான். கேட்காத பண்டத்தை எவர் செய்வார்? வெளியூர்ச் சம்பந்திகள் வந்திருக்கிற பந்தி அல்லவா, அவர்களுக்குத் தெரிந்ததைப் போடுவோம் என்று நாம் நினைக்கிறோம். அவர்களோ, தங்கள் ஊரில் தினம் கிடைப்பதையே இங்கேயும் தின்றுவிட்டுப் போகிறார்கள்.

சொதியை மட்டும் 'நெல்லைச் சாப்பாடு' என்று எழுதுவதும் சரியில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது சைவப் பிள்ளைமார் வீடுகளிலிருந்து ஊருக்கு வந்தது. ஒரு வேளைக்கு இரண்டு மூன்று தேங்காய் உடைக்க எல்லா வீட்டிலும் வசதி இருந்ததில்லை. இதே ஆற்றங்கரையில் கார், பிசானம் என்று இரண்டு பூவும் நட்டு அறுத்தவர்கள் வீட்டில் காலையில் பழையதும் சின்ன வெங்காயமும், கிடைத்தால் சுட்ட கருவாடும்தான். மேலப்பாளையத்து நோன்புக் கஞ்சி, பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ வீட்டு அச்சுமுறுக்கு, பூப்பெய்திய பிள்ளைக்குத் தொலி உளுந்தும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பொங்கி எள்ளுத் துவையலோடு கொடுக்கிற உளுந்தஞ்சோறு, மார்கழியில் சிறுமிகள் வாசலில் மண்ணால் வீடு கட்டித் தையில் வைக்கிற சிறுவீட்டுப் பொங்கல், இவை எல்லாமே இந்த ஊர்தான். இவை ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர்கள் வேறு வேறு. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு நாளோ, ஒரு பொழுதோ, ஒரு காரணமோ உண்டு. அது மட்டும் பொது.

அல்வாவை நான் பழிக்கவில்லை. பழித்தால் இந்த ஊரில் குடியிருக்க முடியுமா? வடக்கேயிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பத்தார் கையால் நம் ஊர்ப் பண்டமானது அது. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, அதைப் புளிக்க விட்டுத் தெளியவைத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கை ஓயக் கிண்டுவது. தாமிரபரணித் தண்ணீர்தான் அதன் ருசிக்குக் காரணம் என்கிறோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேருகிற வரை வற்றாத ஆறு அது, அதனால் அல்வாவுக்கு மட்டும் மாதக் கணக்கு இல்லை என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். ஆனால் அதற்கும் வேளை உண்டு. நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருக்கிற இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். திறந்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சூட்டோடு இலைத் துண்டில் வாங்கி, விரல் வழுக்க வழுக்க நின்றபடியே தின்பது ஒரு ருசி. பெட்டியில் அடைத்துச் சென்னையில் மூன்றாம் நாள் திறந்து தின்பது வேறு ருசி. என் நண்பனின் பேத்தி கோவில் வாசலில் நின்று வாயில் போட்டுக்கொண்டு, "இதுவும் கோதுமைதானா?" என்று கண்ணை விரித்தாள். சிசிலியில் அவித்த கோதுமையும் இங்கே கிண்டிய கோதுமையும் அந்த நிமிஷம் அவளுக்குள் சந்தித்துக்கொண்டன. சரியான வேளையில் கொடுத்ததற்குக் கிடைத்த பலன் அது.

சிலர் என்னிடம் மறுத்துப் பேசினார்கள். "வர்றவனுக்கு ஒரு நாள்தான் லீவு, அவன் பஞ்சாங்கம் பாத்தா வருவான்?" என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான். அதனால்தான் அவன் வருகிற நாளைக் கேட்டுக்கொண்டு, அந்த நாளுக்கு உரியதை நாம் சொல்ல வேண்டும் என்கிறேன். பன்னிரண்டு பண்டம் வேண்டாம், அன்றைக்கு உரிய ஒன்று போதும். ஆனியில் வந்தால் தேரோட்டத்தைப் பார்த்துவிட்டு, விடிகாலையில் பதநீர். ஆடியில் வந்தால் குற்றாலத்தில் குளித்துவிட்டு மங்குஸ்தானும் ரம்புட்டானும். கார்த்திகையில் வந்தால் குருத்தோலைக்குள் அரிசிமாவும் கருப்பட்டியும் வைத்து அவித்த கொழுக்கட்டை. தையில் வந்தால் நாரை உரித்துத் தின்கிற பனங்கிழங்கு. ஒன்றுமே இல்லாத புரட்டாசியில் வந்தால் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கூட்டாஞ்சோறு. அரிசியும் துவரம்பருப்பும் காய்களும் முருங்கைக்கீரையும் புளியும் ஒரே பானையில் வெந்து, மேலே வடகத்தைப் பொரித்துப் போட்டால் போதும். அதற்கு எந்த மாதமும் மாதம்தான். அன்றைக்கு அதுவாவது செய்திருக்கலாமே என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்னொருவர், "இப்பத்தான் சொதி ஓட்டல்லயே வந்துட்டே" என்றார். வரட்டும். வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்து, அந்த நாளை வாசலில் எழுதிப் போடுகிற ஓட்டல்காரரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எல்லா நாளும் எல்லாம் கிடைக்கும் என்று எழுதுகிற இடத்தைவிட, 'இன்று இல்லை' என்று சொல்லத் தைரியம் உள்ள இடம் எனக்கு மேல். அந்த 'இல்லை'தான் பண்டத்தைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஓட்டல் வந்துவிட்டது என்று வீட்டில் விட்டுவிடக் கூடாது. தலைப்பால் விட்டதும் எந்த நிமிஷம் அடுப்பை அணைக்க வேண்டும் என்பதை எழுதிவைத்துப் பயனில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கோ பார்த்தவனுக்கோதான் அது வரும்.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளும் அவர்களுடைய சிநேகிதர்களும் ஊருக்கு வரப்போவதாகச் சொன்னால், கடைப் பெயரைச் சொல்வதற்கு முன்னால், எந்த மாதம் வருகிறாய் என்று கேளுங்கள். கல்யாணம் பேசுகிறவர்கள் சமையல்காரரிடம் மறுவீட்டுக்குச் சொதி என்று நீங்களாகவே சொல்லுங்கள். பங்குனி பிறந்ததும் ஒரு நாள் சீக்கிரம் எழுந்து பதநீர்க்காரர் வருகிற முக்கில் போய் நில்லுங்கள். செலவு அதிகமில்லை. கொஞ்சம் முன்யோசனைதான் வேண்டும். அது நமக்குத்தானே வயதோடு வந்திருக்க வேண்டும்?

நண்பன் மறுபடி எழுதியிருக்கிறான். இந்த முறை பங்குனியில் வருகிறார்களாம், மூன்று நாள். ஐந்து பத்தி போட்டுப் புதுப் பட்டியல் அனுப்பிவிட்டேன். அதில் நாலே வரிகள்தான். பதநீருக்கு ஆளிடம் சொல்லியாயிற்று. சொதிக்கு மனைவியிடம் இப்போதே சொல்லியாயிற்று. வைக்கிறேன் என்றாள். தேங்காய் மட்டும் நான் துருவ வேண்டுமாம்.